தாழ்வான தொட்டி உள்ள பழைய வீட்டில் நாமே ஷவர் பொருத்தலாமா?

மஞ்சக்குப்பம் வாசி:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1994-இல் என் தந்தையார் கட்டிய வீட்டில் நாங்கள் வசிக்கிறோம். மாடி இல்லாத கான்கிரீட் வீடு. குளியலறை 7 அடி நீளமும் 4½ அடி அகலமும் கொண்டது. அதில் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் ஒரே ஒரு குழாய் இருக்கிறது. தொட்டியிலிருந்து வரும் லைன் முழுவதும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய். இத்தனை ஆண்டுகளும் வாளியும் சொம்புமே எங்களுக்குப் போதுமாக இருந்தன.

இரண்டு மாதங்களுக்கு முன் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. குனிந்து தண்ணீர் மொண்டு குளிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், அவரை நாற்காலியில் உட்கார வைத்து என் மனைவி தண்ணீர் ஊற்றி வருகிறார். பிறர் ஊற்றிக் குளிப்பது அம்மாவுக்கு மிகுந்த சங்கடமாக இருக்கிறது. தன் கையால் தானே குளிக்க வேண்டும் என்று அவர் கேட்ட பிறகுதான் ஷவர் வைக்கும் எண்ணம் எனக்கு வந்தது.

இந்த வேலையை நானே செய்ய விரும்புகிறேன். வீட்டில் டிரில்லிங் மெஷினும் கட்டிங் மெஷினும் இருக்கின்றன. பழுதான குழாய்களை மாற்றியும், தோட்டத்துக்கு பிவிசி லைன் இழுத்தும் ஓரளவு பழக்கம் உண்டு. தலைக்கு மேல் 8 அங்குலச் சதுர ரெயின் ஷவர், கீழே ஒரு கை ஷவர், இரண்டையும் மாற்றிவிடச் சுவருக்குள் புதைக்கும் டைவர்ட்டர், பின்னால் வசதிப்படும்போது 15 லிட்டர் கீசர் என்று திட்டமிட்டிருக்கிறேன். எதையும் இன்னும் வாங்கவில்லை.

எனக்குள்ள ஐயங்கள் இவை. மொட்டைமாடியில் 2 அடி உயரச் செங்கல் மேடை மீது 500 லிட்டர் தொட்டி இருக்கிறது. ஷவருக்கு இந்த உயரம் தரும் அழுத்தம் போதுமா? குழாய் வரும் சுவர் 4½ அங்குலச் சுவர், மறுபுறம் அம்மாவின் படுக்கையறை. அதை வெட்டிக் குழாய் புதைக்கலாமா? பழைய ஜிஐ குழாயிலிருந்தே, வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாயான சிபிவிசியை இணைத்துக்கொள்ளலாமா, அல்லது தனி லைன் இழுக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லாஸ்பேட்டை குழாய்ப் பணியாளர்:

தம்பி, எதையும் வாங்காமல் முதலில் கேட்டீர்கள் பாருங்கள், அதுவே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். புதுச்சேரியில் 26 ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்கிறேன். ஷவர் சரியாக வரவில்லை என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஷவர் நன்றாகவே இருந்தது. தண்ணீர்தான் அதற்குப் போய்ச் சேரவில்லை.

கணக்கு எளிமையானது. 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். அதாவது ஓர் அடிக்கு 0.03 பார். உங்கள் குளியலறைத் தரையிலிருந்து தளத்தின் மேல்மட்டம் வரை சுமார் 10½ அடி என்றும், மேடை 2 அடி என்றும் வைத்துக்கொண்டால், தொட்டியின் அடிப்பகுதி 12½ அடியில் இருக்கிறது. ஷவர் தலை 6¾ அடியில் வரும். தொட்டி காலியாகும் நேரத்தில் மிஞ்சுவது 6 அடிக்கும் குறைவு, அதாவது 0.17 பார். தொட்டி நிறைந்திருந்தாலும் 0.27 பாரைத் தாண்டாது. அகன்ற ரெயின் ஷவர்களில் பெரும்பாலானவை குறைந்தது 0.5 பார் இருந்தால்தான் முழுத் தலையிலும் பொழியும். அதற்குக் கீழே போனால் நடுவில் உள்ள துளைகளில் மட்டும் சொட்டும், ஓரத்துத் துளைகள் வெறுமனே நனைந்திருக்கும். புதைக்கும் டைவர்ட்டரின் உள்வழிகள் குறுகலானவை என்பதால் இருக்கிற அழுத்தத்திலும் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும்.

கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். இப்போதுள்ள குழாயில் தோட்டத்து ஹோஸ் ஒன்றைக் கிளிப் போட்டு இறுக்கி மாட்டுங்கள். முதலில் ஹோஸின் வாயைக் குழாயின் உயரத்திலேயே வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வாளியில் விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே ஹோஸின் வாயை ஷவர் வரப்போகும் 6¾ அடி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒருவர் நாற்காலி மேல் ஏறி வாளியை அங்கேயே ஏந்திக்கொள்ள, மறுபடியும் ஒரு நிமிடம் அளந்து பாருங்கள். வாளியைத் தரையில் வைத்து மேலிருந்து விழ விட்டாலும் அளவு மாறாது, ஆனால் வெளியே சிந்திவிடும். தொட்டி பாதி நிறைந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

மஞ்சக்குப்பம் வாசி:

மிக்க நன்றி ஐயா. இன்று காலையே அளந்து பார்த்தேன். 2 அடி உயரத்தில் நிமிடத்துக்கு 6 லிட்டர், 6¾ அடி உயரத்தில் 4½ லிட்டர். மூன்று முறை அளந்தும் பெரிய மாற்றம் இல்லை.

நெல்லிக்குப்பம் நண்பர்:

எதற்கு இவ்வளவு கணக்கு? தொட்டியை 5 அடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றிவிடுங்கள், அல்லது ஒரு பிரஷர் பம்ப் வாங்கி மாட்டிவிடுங்கள். நீங்கள் ஆசைப்பட்ட ரெயின் ஷவரையே வைக்கலாம்.

லாஸ்பேட்டை குழாய்ப் பணியாளர்:

நண்பர் சொல்வதைப் பிறகு பார்ப்போம். தம்பி, உங்கள் இரண்டு எண்களும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது 6¾ அடி உயரத்துக்கு மேல் இன்னும் 7 அடித் தண்ணீர் நிற்கிறது. அரை அங்குலக் குழாய் உள்ளே சுத்தமாக இருந்தால் அந்த உயர வேறுபாட்டுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் வர வேண்டும். உங்களுக்கு 4½ தான் வருகிறது. உயரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வழியில் எங்கோ அடைப்பும் இருக்கிறது.

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தொட்டியின் வாயில் உள்ள கேட் வால்வு. பழைய கேட் வால்வுகளில் உள்ளே இருக்கும் தகடு அரித்துப் போய், பிடியோடு சுற்றும் தண்டான ஸ்பிண்டிலிலிருந்து கழன்றுவிடும். மேலே பிடியைத் திருப்பினால் திறப்பது போலவே சுற்றும், தகடு மட்டும் பாதி வழியை மறித்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும். இன்னொன்று குழாயே. 30 ஆண்டு ஆன ஜிஐ, அதுவும் நம் கடற்கரைப் பக்கத்து போர்வெல் தண்ணீர். உள்ளே துரு முடிச்சு முடிச்சாகக் கட்டியிருக்கும். அந்தக் குழாயிலிருந்து ஷவருக்கு லைன் எடுத்தால் புதிய சிபிவிசிக்குள்ளும் துருத்தூள் வந்து ஷவரின் துளைகளை அடைத்துவிடும். ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் விடை, தனி லைன் இழுங்கள் என்பதே. தொட்டியில் தனித் துளை போட்டு, 1 அங்குலக் குழாயில் கிளம்பி, குளியலறை வரை 1 அங்குலமாகவே வந்து, உள்ளே முக்கால் அங்குலமாகி, கடைசி இணைப்பு மட்டும் அரை அங்குலமாக இருக்கட்டும். கேட் வால்வு வேண்டாம். முழுத் துளையும் திறக்கும் பால் வால்வு போடுங்கள். எல்போக்களின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அழுத்தம் குறைந்த வீட்டில் ஒவ்வொரு வளைவும் கணக்கில் வரும்.

முத்தியால்பேட்டை அக்கா:

சகோதரரே, சுவரை வெட்டுவது பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் வீட்டில் நடந்ததையே விடையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதே தவறு உங்களுக்கு நேரக் கூடாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் என் கணவரும் சேர்ந்து எங்கள் குளியலறைக் குழாய்களை மாற்றினோம். சுவரில் வெட்டி, சிபிவிசி புதைத்து, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறது, எங்கும் கசியவில்லை என்று பார்த்துவிட்டு மறுநாளே பூசி டைல்ஸ் ஒட்டிவிட்டோம். ஐந்து மாதம் கழித்து அடுத்த அறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரின் பெயின்ட் உப்பி, விரலால் தொட்டால் ஈர மாவு போலக் கையோடு வந்தது. மழைநீர் இறங்குகிறது என்று நினைத்து மொட்டைமாடியில் பணம் செலவழித்ததுதான் மிச்சம். கடைசியில் ஓர் இரவு வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டிக்குள் தண்ணீர் நின்ற மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தேன். காலையில் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு 2 அங்குலம் கீழே இருந்தது. யாரும் திறக்காத தண்ணீர் சுவருக்குள் போயிருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

நான்கு டைல்களை உடைத்துப் பார்த்தபோது ஓர் எல்போ கையோடு கழன்று வந்தது. குழாய் முனையில் சொல்யூஷன் (குழாய் ஒட்டும் பசை) தடவிய அடையாளமே இல்லை. அளவு சரிபார்ப்பதற்காக உலர்வாகச் செருகி வைத்ததை, ஒட்டியதாக நினைத்து அப்படியே மூடியிருக்கிறோம். செருகிய இறுக்கத்திலேயே அது ஐந்து மாதம் தாங்கியிருக்கிறது, சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றைச் சொல்கிறேன். குழாயை நேராக அறுத்து, உள்விளிம்பின் பிசிறுகளைச் சீவி, துடைத்து, சிபிவிசிக்கு உரிய சொல்யூஷனையே குழாயிலும் ஃபிட்டிங்கிலும் தடவி, கால் சுற்றுத் திருப்பியபடி அடிவரை செருகி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். சாதாரண பிவிசி சொல்யூஷன் சிபிவிசிக்கு ஆகாது. ஒவ்வொரு இணைப்பையும் ஒட்டி முடித்தவுடன் அதன் மேல் மார்க்கரால் ஒரு குறி போடுங்கள். குறி இல்லாத இணைப்பு கண்ணில் பட்டால் அது ஒட்டாதது. எல்லாம் முடிந்து ஒரு நாள் காய்ந்த பிறகு, முனைகளை என்ட் பிளக் போட்டு மூடி, கையால் இயக்கும் டெஸ்டிங் பம்பை வாடகைக்கு எடுத்து (சதுர சென்டிமீட்டருக்கு) 10 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டித் தண்ணீரின் அழுத்தத்தில் கசியாதது, இந்த அழுத்தத்தில் கட்டாயம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், உங்கள் 4½ அங்குலச் சுவரை வெட்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அம்மா படுத்திருக்கும் அறையின் சுவர் அது.

வில்லியனூர் கட்டடப் பொறியாளர்:

அம்மையார் கூறியதை முழுமையாக ஆதரிக்கிறேன். காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். செங்கல் சுவரில் குழாய் புதைக்கச் செங்குத்தாக வெட்டும் காடி (நீளப் பள்ளம்) சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டமாக வெட்டும் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது என்பது கட்டுமான விதி. 4½ அங்குலச் சுவரில் அது முறையே 1½ அங்குலமும் ¾ அங்குலமும் ஆகிறது. புதைக்கும் டைவர்ட்டரின் உடல் உட்காருவதற்கே 2 அங்குலத்துக்கு மேல் ஆழம் தேவைப்படும். கட்டிங் மெஷின் போட்டு, உளியால் கொத்தும் அதிர்ச்சியில் மறுபக்கப் பூச்சு கழன்று விழுவதையும் பார்த்திருக்கிறேன். எனவே டைவர்ட்டர் திட்டத்தைக் கைவிடுங்கள். சுவரின் வெளிப்பரப்பிலேயே கிளாம்ப் போட்டு எடுத்துச் செல்லும் குழாயும், சுவருக்கு வெளியே நிற்கும் மிக்ஸரும் பார்வைக்கு அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும், பழுது வந்தால் ஸ்பேனர் ஒன்றே போதும்.

அடுத்து, தொட்டியை 5 அடி ஸ்டாண்டில் ஏற்றும் யோசனை. நெல்லிக்குப்பம் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்றாலும் இதில் எனக்கு உடன்பாடு இல்லை. 500 லிட்டர் என்றால் அரை டன். செங்கல் மேடையில் அந்த எடை பரவி இறங்குகிறது. ஸ்டாண்டில் வைத்தால் நான்கு கால்களின் நான்கு புள்ளிகளில் இறங்கும். அந்தக் கால்கள் சுவர் அல்லது பீம் வரும் இடத்தின் மேல் அமைய வேண்டும். தளத்தின் நடுவில் நிறுத்தக் கூடாது. அதைவிட முக்கியமானது காற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை இங்குள்ள யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் தெருவில் பிளாஸ்டிக் தொட்டிகள் மூடியோடும் குழாயோடும் பிய்த்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் விழுந்தன. காலியாகக் கிடந்த தொட்டிகள்தான் முதலில் போயின. உயர்ந்த ஸ்டாண்டில் நிற்கும் தொட்டிக்குக் காற்றின் தள்ளுதலும் கவிழ்க்கும் விசையும் கூடுதல். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கால்களைத் தளத்தில் பதித்த நங்கூர போல்ட்டுகளோடு முடுக்கி, தொட்டியையும் ஸ்டாண்டோடு பட்டை போட்டுக் கட்ட வேண்டும். இவ்வளவுக்கும், இப்போதுள்ள 2 அடி மேடை போகக் கூடுதலாகக் கிடைக்கப்போவது 3 அடி, அதாவது 0.09 பார். ரெயின் ஷவருக்கு அப்போதும் போதாது.

பம்ப் என்பது வேறு. 1 பார் கூட்டித் தரும் சிறிய பூஸ்டர் பம்ப் இருந்தால் ரெயின் ஷவர் பொழியும் என்பது உண்மை. ஆனால் பம்பைத் தொட்டியின் வாயிலேயே, வெந்நீர்க் கிளையும் தண்ணீர்க் கிளையும் பிரிவதற்கு முன்னால் வைக்க வேண்டும். தண்ணீர்க் கிளையில் மட்டும் பம்ப் வைத்தால் மிக்ஸருக்குள் அழுத்தம் கூடிய தண்ணீர் வெந்நீரைத் திருப்பித் தள்ளிவிடும். பழைய ஜிஐ லைனில் பம்ப் போட்டால் இதுவரை கசியாத இணைப்புகளும் கசியும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஷவரால் குளிக்கப்போகும் ஒருவருக்கு இது எதுவும் தேவையில்லை.

லாஸ்பேட்டை குழாய்ப் பணியாளர்:

பொறியாளர் ஐயா கடைசியாகச் சொன்னதுதான் இதில் முக்கியம். தம்பி, அம்மா உட்கார்ந்து குளிக்கும்போது கை ஷவர் அவர் தோளுக்கும் தலைக்கும் இடையில், தரையிலிருந்து 3½ அடி உயரத்தில் இருக்கும். 6¾ அடி உயரத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கு 3 அடிக்கு மேல் அழுத்தம் சும்மா கிடைக்கிறது. ஆகவே கடையில் டெலிபோனிக் வால் மிக்ஸர் என்று கேளுங்கள். தண்ணீர், வெந்நீர் இரண்டும் கலந்து, கீழே குழாயாகவும் மேலே கை ஷவராகவும் வரும் மிக்ஸர் அது. முழுப் பித்தளையில் செய்ததைக் கையில் எடை பார்த்து வாங்குங்கள். கடல் காற்றில் மலிவான உலோகக் கலவையின் மேல் போட்ட முலாம் இரண்டு மழைக்காலம் தாங்காது. கை ஷவரின் தலை சிறியதாகவும் துளைகள் குறைவாகவும் இருக்கட்டும். அதன் கொக்கிக்குப் பதிலாக மேலும் கீழும் நகரும் ஸ்லைடிங் பார் வைத்தால், உட்கார்ந்து குளிப்பவருக்கும் நின்று குளிப்பவருக்கும் அதே ஷவர் போதும்.

மிக்ஸரின் இரண்டு கால்களுக்கும் இடையே 6 அங்குலம், நடுவிலிருந்து நடுவுக்கு. இடது கை வெந்நீர், வலது கை தண்ணீர். பித்தளை மரை உள்ள எல்போக்களையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் வெறும் பிளாஸ்டிக் மரையில் பித்தளையை முடுக்கினால் விரிசல் விடும். டெஃப்லான் டேப்பை மரையை முடுக்கும் திசையிலேயே, இழுத்துப் பிடித்து 12 முதல் 15 சுற்றுச் சுற்றுங்கள். இரண்டு எல்போக்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே கிளாம்பை முடுக்குங்கள். அரை அங்குலம் ஏறி இறங்கினாலும் மிக்ஸர் கோணலாகத் தெரியும், வாஷரும் ஒழுங்காக உட்காராது. கீசர் பின்னால்தான் வரும் என்றால் வெந்நீர் வாயைத் தண்ணீர் லைனிலேயே தற்காலிகமாகச் சேர்த்துவிட வேண்டாம். பிளக் போட்டு மூடி வையுங்கள்.

ரெட்டியார்பாளையம் மின்பணியாளர்:

கீசர் என்ற சொல்லைப் பார்த்ததால் எழுதுகிறேன். குழாய் வேலையை நீங்களே செய்யுங்கள், மகிழ்ச்சி. மின்வேலையை மட்டும் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பாயிண்ட்டும், போர்டிலிருந்து தனியாக வரும் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் வேண்டும். 1994-இல் கட்டிய வீட்டில் எர்த் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் குளியலறையில் கீசர் வைக்கவே கூடாது. கீசரின் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். கை ஷவரை எந்தப் பக்கம் திருப்பினாலும் தண்ணீர் தெறிக்காத உயரத்திலும் தூரத்திலும் கீசரை மாட்டுங்கள்.

இன்னொன்று, அம்மாவுக்காக. கீசரின் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளிலேயே முதியவர்களின் தோலைப் புண்ணாக்கிவிடும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரால் சட்டென்று விலகவும் முடியாது. முதலில் தண்ணீரைத் திறந்து, அதன் பிறகே வெந்நீரைச் சேர்க்கும் வழக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டது, நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

லாஸ்பேட்டை ஐயா சொன்னபடி முதலில் கேட் வால்வைக் கழற்றிப் பார்த்தேன். அவர் எழுதியது போலவே தகடு ஸ்பிண்டிலிலிருந்து விடுபட்டு, பாதி வழியை மறித்தபடி சாய்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த ஜிஐ துண்டை அறுத்துப் பார்த்தபோது, முக்கால் அங்குலக் குழாயின் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் துரு மேடு மேடாகக் கட்டி, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு மட்டுமே வழி இருந்தது. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் இதன் வழியாகத்தான் வீடு முழுவதற்கும் தண்ணீர் வந்திருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் சாமான்கள் வாங்கினேன். தொட்டியில் புதிய துளை போட்டு, பால் வால்வு வைத்து, 1 அங்குல சிபிவிசியை வெளிச்சுவர் வழியாக இறக்கி, குளியலறையின் வென்டிலேட்டர் ஓரமாக உள்ளே கொண்டுவந்தேன். சுவரில் டிரில் போட்ட துளைகள் எல்லாமே கிளாம்ப் திருகுகளுக்கானவை மட்டுமே. டைல்ஸில் துளையிடும்போது மேலே டேப் ஒட்டி, ஹேமர் மோடை அணைத்துவிட்டு மெதுவாகத் துளைத்து, டைல்ஸைத் தாண்டிய பிறகே ஹேமரைப் போட்டதால் ஒரு டைல்கூட உடையவில்லை. ஒவ்வோர் இணைப்பிலும் முத்தியால்பேட்டை அக்கா சொன்ன குறி இருக்கிறது. மொத்தம் 19 இணைப்புகள். எண்ணிப் பார்த்தபோது 18 குறிகள்தாம் இருந்தன. வென்டிலேட்டருக்கு மேலே இருந்த ஓர் எல்போ உலர்வாகவே செருகப்பட்டிருந்தது. அக்கா, நீங்கள் எழுதியிருக்காவிட்டால் அதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

மறுநாள் டெஸ்டிங் பம்ப் வைத்து 10 கிலோ ஏற்றினோம். முள் ஒரு மணி நேரம் அசையவில்லை. ஹோஸ் சோதனையையும் திரும்பச் செய்தேன். 6¾ அடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தது. தொட்டி அதே மேடையில்தான் இருக்கிறது, பம்பும் இல்லை. டெலிபோனிக் மிக்ஸரை மாட்டிய பிறகு கை ஷவரில், உட்கார்ந்து குளிக்கும் உயரத்தில், நிமிடத்துக்கு 6 லிட்டர் வருகிறது. அம்மாவுக்கு அது தாராளம். வாளியில் குளித்தபோது செலவான தண்ணீரைவிடக் குறைவாகவே செலவாகிறது. முந்தாநாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் குளித்துவிட்டு வந்தார். கீசர் அடுத்த மாதம், மின்பணியாளர் ஐயா சொன்னவற்றை எல்லாம் முடித்த பிறகு.

இன்னும் இரண்டு கேள்விகள் உள்ளன. வெளிச்சுவரில் நாள் முழுவதும் வெயில் படும் சிபிவிசிக்கு ஏதாவது பாதுகாப்பு தேவையா? எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு மிகுந்தது. குழாய்களின் மேல் வெள்ளையாகப் படிகிறது. ஷவரின் துளைகளை எப்படிப் பாதுகாப்பது?

வில்லியனூர் கட்டடப் பொறியாளர்:

வெயில் நேராகப் படும் சிபிவிசி நாளடைவில் நிறம் மாறி நொறுங்கும் தன்மையை அடையும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டை வெளிர் நிறத்தில் இரண்டு முறை பூசிவிடுங்கள். எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட்டும் தின்னரும் வேண்டாம்; அவை குழாயைத் தாக்கும். கிளாம்புகளை 3 அடிக்கு ஒன்று வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். கீசர் வந்த பிறகு வெந்நீர் ஓடும் குழாய் நீண்டு சுருங்கும் என்பதால், அந்த லைனின் கிளாம்புகள் குழாயை நெரிக்காமல் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். அம்மா எழுந்து நிற்கும்போது ஸ்லைடிங் பாரைப் பிடித்து இழுக்க நேரலாம். அது ஆள் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. 9 அங்குலச் சுவர் இருக்கும் பக்கத்தில், தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், தனியாக ஒரு கைப்பிடிக் கம்பியை, டைல்ஸையும் பூச்சையும் தாண்டிச் செங்கல் வரை இறங்கும் போல்ட்டுகளோடு முடுக்கி வையுங்கள். கீசருக்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

லாஸ்பேட்டை குழாய்ப் பணியாளர்:

உப்புத் தண்ணீருக்கு: ரப்பர் நுனி உள்ள ஷவர் தலையாக இருந்தால் வாரம் ஒருமுறை குளித்து முடித்ததும் கட்டை விரலால் துளைகளைத் தேய்த்துவிட்டாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலையைக் கழற்றி, பாதி வினிகரும் பாதித் தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள். ராத்திரி முழுவதும் ஊற வைக்க வேண்டாம், முலாம் மங்கிவிடும். குளியலறை ஆசிட் பக்கமே போகாதீர்கள். மிக்ஸரின் இரண்டு கால்களிலும் உள்ள சிறிய வலை வடிகட்டிகளை இந்த வாரக் கடைசியில் ஒருமுறை கழற்றிக் கழுவிவிடுங்கள் தம்பி. தொட்டியில் துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் துருவலும் குழாய் அறுத்த தூளும் அங்கேதான் வந்து நிற்கும்.